மூன்று முறை தொடங்கிய இதழ்

ஆஸ்திரேலிய இலக்கிய இதழ்கள் என்று பேச்செடுத்தால் சிட்னியின் 'புல்லட்டி'னில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவார்கள். 1880இல் பிறந்த அந்த வார இதழ்தான் ஹென்றி லாசனையும் பாஞ்சோ பேட்டர்சனையும் ஊர் அறியச் செய்தது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூலிக்காரர்கள்வரை அதைப் படித்தார்கள். அதே இதழ் 1908 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே என்ற முழக்கத்தைத் தலையில் சுமந்து வந்தது. இந்தக் கறையைத் துடைத்துவிட்டு அந்தக் காலத்து இலக்கியத்தைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

புல்லட்டினில் இலக்கியம் குடியிருந்த இடம் முன்னட்டையின் உட்பக்கம். அட்டைத்தாளின் நிறத்தால் அதற்குச் 'சிவப்புப் பக்கம்' என்று பெயர். 1896 முதல் பத்தாண்டுகள் அதை நடத்தியவர் ஏ. ஜி. ஸ்டீபன்ஸ், குவீன்ஸ்லாந்தின் டுவூம்பாவில் பிறந்து, அச்சுக்கூடத்தில் தொழில் பழகியவர். ஷெப்பர்டனில் அண்ணனின் வார்ப்படப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த ஜோசப் ஃபர்ஃபி ஒரு பெரிய நாவலை அனுப்பியபோது, ஸ்டீபன்ஸ் அதன் தரத்தை உடனே கண்டுகொண்டார்; குறைக்கவும் சொன்னார். ஃபர்ஃபி தட்டச்சுப்பொறி ஒன்றை வாங்கி, முழு நாவலையும் திரும்ப அடித்து, அத்தியாயங்களையே கழற்றினார். 'சச் இஸ் லைஃப்' 1903இல் வந்தது. கழற்றியதில் ஒரு பகுதி பிறகு தனி நாவலாயிற்று.

ஸ்டீபன்ஸின் சொந்த இதழ் 'புக்ஃபெலோ'. 1899இல் ஐந்து இதழ்களோடு நின்றது. 1906இல் புல்லட்டினை விட்டு வெளியேறிப் புத்தகக் கடை வைத்தார். 1907இல் புக்ஃபெலோவை வார இதழாக மீண்டும் கொண்டுவந்தார். இதழும் நின்றது, கடையும் போயிற்று. பிழைப்புக்காக நியூசிலாந்து சென்று நாளிதழுக்குத் தலையங்கம் எழுதினார். திரும்பி வந்து 1911இல் மூன்றாம் முறை தொடங்கியது, இடைவெளிகளோடு 1925வரை தாக்குப்பிடித்தது. கவிதை, மதிப்புரை, புத்தகச் செய்தி என எல்லாவற்றிலும் அவர் கைதான். சிற்றிதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

அந்த இதழ் எதைச் சாதித்தது என்று கேட்டால் நான் ஒரே ஒரு பெயரைச் சொல்வேன்: ஜான் ஷா நீல்சன். பள்ளிப் படிப்பு மூன்று வருடம்கூட இல்லை. விக்டோரியாவின் வறண்ட பகுதிகளில் காடு திருத்துவது, கல் உடைப்பது, பழம் பறிப்பது என்று கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தவர். முப்பது வயதைத் தாண்டியதும் கண் பார்வை மங்கி, எழுதவும் படிக்கவும் முடியாமல் போயிற்று. வேலை செய்யும்போதே மனத்துக்குள் கவிதை கட்டுவார். பிறகு வீட்டாரிடமோ கூட வேலை செய்பவரிடமோ வரிவரியாகச் சொல்லி எழுதச் சொல்வார். அந்தத் தாள்கள் தபாலில் ஸ்டீபன்ஸிடம் போகும். அவர் பாராட்டுவார், அடிப்பார், சில இடங்களில் வரியையே மாற்றுவார். அந்தத் திருத்தங்களால் கவிதைக்கு லாபமா நட்டமா என்று ஆய்வாளர்கள் பின்னாளில் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்குச் சில மாற்றங்கள் அத்துமீறலாகவே படுகின்றன. ஆனால் அந்தக் கையெழுத்துத் தாள்களைப் பொறுமையாகப் பிரித்துப் படிக்க ஓர் ஆள் இருந்தாரே! நீல்சனின் புகழ்பெற்ற 'தி ஆரஞ்ச் ட்ரீ' 1921இல் புக்ஃபெலோவில்தான் வந்தது.

போட்டி இதழ்களுக்கு வசதி இருந்தது. புல்லட்டினை நிறுவியவர்களில் ஒருவரான ஆர்ச்சிபால்டு 1907இல் தொடங்கிய 'லோன் ஹேண்ட்', லண்டனின் 'ஸ்ட்ராண்ட்' பாணி மாத இதழ். நல்ல ஓவியங்கள், கதைகள், அழகிப் போட்டிகூட. 1921வரை ஓடியது. ஜாக் லிண்ட்சேயும் கென்னத் ஸ்லெஸ்ஸரும் கூட்டாக நடத்திய 'விஷன்' 1923–24இல் நான்கே இதழ்கள். ஆட்டுக்கால் தேவர்களும் அரம்பையரும் பக்கமெங்கும் துள்ளுவார்கள். ஸ்லெஸ்ஸர் பின்னாளில் பெருங்கவிஞர் ஆனார் என்பதற்காக மட்டும் அதைப் புரட்டலாம்.

ஆர்ச்சிபால்டின் பெயரில் சிட்னி ஹைட் பூங்காவில் நீரூற்று இருக்கிறது. உருவப்பட ஓவியத்துக்கான ஆர்ச்சிபால்டு பரிசு 1921 முதல் வழங்கப்படுகிறது. ஸ்டீபன்ஸ் 1933இல் இறந்தார். நீல்சனின் முதல் பெருந்தொகுப்பான 'ஹார்ட் ஆஃப் ஸ்பிரிங்' 1919இல் வந்தபோது, பதிப்பாளர் பெயர் இருக்கும் இடத்தில் புக்ஃபெலோ என்று ஸ்டீபன்ஸ் அச்சிட்டிருந்தார்.