அடுப்பங்கரையும் கொலைக்களமும்

திருகோணமலை நகரின் கடற்கரை வெளியை அடுத்த பழைய கல்லறைத் தோட்டத்திலே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஒருவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். சார்ள்ஸ் ஒஸ்ரின் என்பது அவர் பெயர். 1852 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், இரண்டாம் பர்மியப் போரின்போது, ஐராவதி ஆற்றிலே வாந்திபேதி கண்டு அவர் இறந்தார். இன்று அவரை நினைப்பார் அவர் நடத்திய போர்களுக்காக நினைப்பதில்லை. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி என்பதனாலேயே அக்கல்லறைக்கு ஒரு பெயர் உண்டு. சிற்றூர் ஒன்றில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தால் கதைக்குப் போதும் என்று கருதிய அந்த அம்மையாரின் வழித்தோன்றலான ஓர் இலக்கிய வகையை இத்துறைமுக நகரிலிருந்து நோக்குவது, ஆதலால், முற்றிலும் பொருத்தமற்றதன்று.

ஜேன் ஒஸ்ரின் எழுதிய 'எம்மா' என்னும் நாவல் 1815 இல் வெளிவந்தது. அதிலே கொலையில்லை. ஆயினும் பி. டி. ஜேம்ஸ் என்னும் ஆங்கில மர்மநாவலாசிரியை 1998 இல் நிகழ்த்திய உரையொன்றில் அதனைத் துப்பறியும் கதையாகவே கொண்டு ஆராய்ந்தார். எவருமறியாமல் மணவுறுதி செய்துகொண்ட இருவர், யார் அனுப்பியதென்று தெரியாமல் ஒரு வீட்டுக்கு வந்திறங்கும் பியானோ, முடி வெட்டுவதற்கென்று இலண்டன் வரை போய்வரும் இளைஞன் என்று தடயங்கள் யாவும் வாசகன் கண்முன்னேயே கிடக்கின்றன. அவற்றுட் பலவற்றை ஆசிரியை ஓயாது பேசும் மிஸ் பேற்ஸ் என்னும் முதுகன்னியின் வாயிலே வைத்துள்ளார். அவள் பேச்சுக்கு ஊரார் செவி கொடுப்பதில்லை. வாசகனும் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறான். உண்மை அந்தப் பேச்சுக்குள்ளேதான் இருந்தது என்பது கதை முடிந்த பின்னரே புலனாகின்றது.

இந்த வழியிலே வந்த கடைக்குட்டியைத்தான் ஆங்கில வாசகர் 'கோசி' என்று அழைக்கின்றனர். தேநீர்ப் பானையின் சூடு ஆறாதபடி அதன்மேற் கவிக்கும் துணியுறைக்கும் அதுவே பெயர். பெயர்க்கேற்ப, இக்கதைகளிற் கொலை நடக்கும். குருதி மேடைக்கு வராது. துப்பறிபவர் பொலிசாரல்லர், ஊரிலே தொழில் செய்து வாழும் ஒரு பெண். இடம் எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறுபட்டினம். அகதா கிறிஸ்ரி 1930 இல் வெளியிட்ட நாவலில் மிஸ் மார்பிள் என்னும் கிழவியை ஒரு கிராமத்தின் பூந்தோட்டத்தில் அமர்த்தி இவ்வகைக்கு உருக் கொடுத்தார். அமெரிக்காவில் வேர்ஜீனியா றிச் 1982 இல் சமையலைக் கதையின் நடுவிலே கொண்டுவந்து வைத்தார். 1990 இல் டயான் மொற் டேவிட்சன் விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கும் கோல்டி என்பாளையும், 2000 இல் ஜோஆன் புளூக் பிஸ்கற்றும் கேக்கும் சுட்டு விற்கும் ஹானா சுவென்சன் என்பாளையும் படைத்தனர். கொலைக்கும் விசாரணைக்கும் இடையே கேக் செய்முறையை அளவு குறிப்போடு அச்சிடும் வழக்கம் இவற்றாலே நிலைபெற்றது.

செய்முறையைக் கண்டு நகைப்பது எளிது. ஒரு கிண்ணம் வெண்ணெயும் இரண்டு முட்டையும் பிணத்தின் அருகே என்ன செய்கின்றன என்று இலக்கியம் பயின்றோர் வினவக்கூடும். இக்கதைகள் பெருந்தொகையாக எழுதப்படுகின்றன என்பதும், அவற்றுட் பல ஒரே அச்சில் வார்த்தவை என்பதும் உண்மையே. ஆயினும் நல்லனவற்றில் அடுப்புக்கு ஒரு வேலை உண்டு. புளூக்கின் முதல் நாவலில், மினெசோற்றா மாநிலத்தின் லேக் ஈடன் என்னும் கற்பனைப் பட்டினத்திலே, ஹானாவின் கடைக்குப் பாற்பொருள் கொண்டுவரும் வண்டிக்காரன் அக்கடையின் பின்புறத்திலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரிக்க வேண்டிய பொலிஸ் அதிகாரி அவள் தங்கையின் கணவன். பொலிசாரிடம் வாய் திறவாதவர்கள் அவள் கடையில் ஒரு கோப்பைக் கோப்பியின் முன்னே தாமாகவே பேசுகின்றனர். கேக் வேகும் அரைமணி நேரம் அவசரப்படுத்த முடியாதது. அந்த இடைவேளையில்தான் ஊர் பேசுகிறது.

இதனைத் திருகோணமலை வாசகர் விளங்கிக்கொள்ள மினெசோற்றா வரை போகவேண்டியதில்லை. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களுள் பாண் ஒன்று. அது வேகும் போறணை மற்றொன்று. கோட்டையைக் கட்டியவரும் இடித்தவரும் மாறிமாறி வந்து போயினர். பாண் தங்கிவிட்டது. விடியற்காலையிற் பேதோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைகளுக்குள் நுழையும் பாண்காரரின் முச்சக்கர வண்டிக்குத் தெரியாத படலை இல்லை. அவரினும் நுட்பமாக அறிபவள் இடியப்பம் அவித்து விற்கும் பெண். எந்த வீட்டில் விருந்தினர் வந்துள்ளனர், எந்த வீட்டிற் கடன் ஏறுகிறது, எந்த வீட்டார் நேற்று இரவு உறங்கவில்லை என்பன அவளுக்குக் கணக்கு. மிஸ் மார்பிளுக்குக் கிறிஸ்ரி கொடுத்த ஆற்றலும் இதுவே. புதிதாக ஒருவரைக் கண்டால், அவர் தன் கிராமத்தில் யாரை ஒத்தவர் என்று அவள் ஒப்பிட்டு அறிவாள்.

தமிழிலே துப்பறியும் நாவல் தோன்றியபோது அது இந்த வாயிலால் நுழையவில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மூலங்களைத் தழுவி எழுதியவற்றிலும், ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன் கதைகளிலும், மாறுவேடமும் மர்ம மாளிகையும் பெருமிடம் பெற்றன. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீரை விரும்பிப் பருகுபவர்தான். ஆனால் அத்தேநீர் ஊராரை அருகே இருத்திப் பேச வைப்பதற்கன்று, அவர் தனித்திருந்து சிந்திப்பதற்கு. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பெருநகர வழக்கறிஞர்கள். திருகோணமலைக்கோ தமிழ் நாவல் வரலாற்றிலே முந்திய இடமுண்டு. இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இலும், சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895 இலும் வெளிவந்தன. எனினும் முன்னது ஐரோப்பிய வீரக்கதையைத் தழுவியது; பின்னது நாயக்கர் காலத் தமிழகத்தைக் களமாகக் கொண்டது. இவ்விரு முன்னோடிகளும் தம் ஊரின் ஒழுங்கைகளைப் பார்க்கவில்லை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' போன்ற கதைகளில் இக்கரையின் வாழ்வு உயிர்பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் செல்லவேண்டியிருந்தது.

ஆயினும் அடுப்பையும் கொலையையும் அடுத்தடுத்து வைப்பது தமிழ் மரபுக்குப் புறம்பானது என்று கருதுதல் தவறு. சிலப்பதிகாரத்திலே கோவலன் கொல்லப்படும் பகுதி சமையலோடு தொடங்குகின்றது. ஆயர்சேரியில் மாதரி கொடுத்த காய்களைக் கண்ணகி அரிகிறாள். பழக்கமற்ற விரல்கள் சிவக்கின்றன. வாழைக்குருத்து விரித்துக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் உண்டு எழுந்து சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். பின்னர் நிகழ்வதனைத் துப்பறியும் கதையின் சட்டத்துள் அடக்கினும் அடங்கும்: பொய்க்குற்றம் சாட்டிய பொற்கொல்லன், ஆராயாத அரசன், உள்ளே முத்தா மணியா என்னும் ஒரே தடயம். அதனை அவையில் உடைத்துக் காட்டி வழக்கை வென்றவள் சற்றுமுன் சோறு சமைத்த பெண்ணே.

ஹானாவுக்கும் கண்ணகிக்கும் உள்ள தூரம் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. உண்மை வெளிப்பட்டதும் லேக் ஈடன் பழையபடி கோப்பி குடிக்கச் செல்கின்றது. மதுரை எரிகின்றது. கொலையுண்டவன் ஒருவன், ஆனால் அக்கொலையை இயல்வித்தது ஊரின் ஒழுங்கு முழுவதும் என்பது தமிழ்க் காப்பியத்தின் முடிவு. கவிஞர் ஓடன் துப்பறியும் கதை பற்றி 1948 இல் எழுதிய கட்டுரையிலே, களம் எவ்வளவுக்கு ஏதேன் தோட்டத்தை ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கொலை அங்கே முரண்பட்டுத் தோன்றும் என்றார். குற்றவாளி ஒருவனை அகற்றியதும் தோட்டம் தூய்மையாகிவிடுகிறது. ஏனையோர் எல்லாரும் குற்றமற்றவர் என்று அறிந்துகொள்வதே வாசகன் பெறும் ஆறுதல் என்பது அவர் கருத்து. தம் பட்டினத்துக்கு ஏதேனின் பெயரையே இட்ட புளூக் அறிந்தோ அறியாமலோ அவர் கூற்றுக்குச் சான்று தந்துவிட்டார்.

கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களில் வழக்குரை பாடுவர். இறுதியிற் குளிர்த்தி செய்வர். எரித்தவளின் சினம் தணிய, ஊர் குளிர, நீர் தெளிக்கும் சடங்கு அது. இதமான மர்மக்கதையின் கேக்கும் கோப்பியும் ஒருவகைக் குளிர்த்தியே. ஆனால் அங்கே வழக்குரை அரைகுறையாக முடிந்துவிடுகிறது, எரிதல் நிகழ்வதேயில்லை. இவ்வகை நாவல்களின் மெய்யான குறை செய்முறைகளை அச்சிடுவதில் இல்லை. இறந்தவனுக்கு அழுவோர் அவற்றிற் குறைவு என்பதே குறை. தமிழூரிற் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அயலார் சமைத்துக் கொண்டுவருவர். உணவுக்கும் துயருக்கும் உள்ள அந்த உறவை இந்நாவலாசிரியர் பலர் தொடாமல் விடுகின்றனர். டேவிட்சனின் முதல் நாவல் ஒரு விலக்கு. மரணவீட்டு விருந்திலேயே ஒருவருக்கு நஞ்சு கலக்கப்படுகின்றது. சமைத்தவள் மீதே ஐயம் விழுகின்றது. அவளோ மருத்துவனான முன்னாட் கணவனின் கையில் அடிபட்டு மீண்டவள். சமையலறை எப்போதும் பாதுகாப்பான இடமன்று என்பதனை அவ்வாசிரியை அறிவார். புளூக்கின் நாவலினும் அது ஆழமானது என்று துணிந்து கூறலாம்.

இக்கதைகளை இத்துறைமுக நகரில் இருந்து படிப்பவருக்கு மற்றொரு வினாவும் எழும். 2006 சனவரி 2 ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். பதின்மூவர்மீது தொடரப்பட்ட வழக்கு, போதிய சான்றில்லை என்று 2019 யூலையில் முடிந்தது. சாட்சி கூறக்கூடியோருட் சிலர் அதற்குள் நாட்டைவிட்டே நீங்கியிருந்தனர். லேக் ஈடனில் ஒருத்தி தான் கண்டதைக் கடையிலே சொல்லிவிட்டு மாலையில் வீடு திரும்பித் தன் பூனைக்குப் பாலூற்றுகிறாள். வாசகர் அதனைச் சாதாரணச் செய்தியாகக் கடந்து போகிறார். இங்கே படிப்பவருக்கோ அதுவே நாவலின் மிகப் பெரிய கற்பனை. கொலைகாரன் அகப்படுவதைக்கூட நம்பிவிடலாம். சொன்னவள் அச்சமின்றி உறங்குவதை நம்புவது அரிது.

றேமண்ட் சாண்ட்லர் 1944 இல் இவ்வகை ஆங்கிலக் கதைகளை உயிரற்ற புதிர்கள் என்று சாடி, கொலையை உண்மையான வீதிக்கு மீட்டுத்தர வேண்டும் என்றார். வீதியில் நிகழும் கொலையை அறியாதவரே அதனைப் புத்தகத்தில் நாடுவர் என்று ஒரு சொல் அவருக்கு மறுமொழி கூறத் தோன்றுகிறது. அதனை அறிந்த ஊரில் உள்ளவர் இந்த இனிப்புக்கடைக் கதைகளை நாடுவது வேறு காரணத்தால். மிஸ் பேற்ஸின் பேச்சுக்கு மதிப்புண்டு, ஊரறிந்த செய்தி சான்றாக ஏற்கப்படும், பேசியவளின் கடை மறுநாளும் திறக்கும் என்ற மூன்றையும் அவை சட்டம் போல் உறுதியாகத் தருகின்றன. அதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் அவ்வுறுதி கிடைக்கும் நாட்டிற் பிறந்தவராதல் வேண்டும்.

இதனாலேயே இந்நாவல்களை அப்படியே மொழிபெயர்ப்பதிற் பயன் குறைவு. கேக்கை இடியப்பமாக்கி, லேக் ஈடனை உப்புவெளியாக்கிவிட்டால் தமிழ் நாவல் பிறந்துவிடாது. ஒரு காலை, வழமையாகப் பத்து இடியப்பம் வாங்கும் வீட்டார் நான்கே வாங்குகின்றனர். விற்பவள் அதனைக் காண்கிறாள். ஏன் என்பதும் அவளுக்கு ஒருவாறு தெரியும். லேக் ஈடனில் அவள் அதனை யாரிடமும் சொல்லலாம். இங்கே எழுதப்படும் கதை, அவள் அதனை யாரிடம் சொல்வாள் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.