மொழி மரமும் பக்க இணைப்புகளும்: தருக்க நிரலாக்க அணுகுமுறை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜு சமூகத்தினர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் வழங்கும் சூழலில், தமிழ்ச் சொற்கள் அத்தெலுங்கில் கலப்பது இயல்பே. அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரின் ஆண்டாள் வரலாற்றையோ கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் ‘ஆமுக்தமால்யத’ எனத் தெலுங்குக் காப்பியமாக்கினார். மொழிகள் ஒத்திருப்பதற்குப் பிறப்புறவு மட்டுமன்றி அண்டை வாழ்வும் காரணமாகும் என்பதை இவ்விரு ஊர்களும் உணர்த்துகின்றன. மொழிக் கிளைப்பாட்டை மீட்டெடுக்கும் கணினி முறைகள் இவ்வுண்மைக்கு எவ்வாறு இடமளிக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதிகளால் வளரும் மரம்

எஸ்ரா எர்டெம், விளாடிமிர் லிஃப்ஷிட்ஸ், லுவாய் நக்லே, டொனால்ட் ரிஞ்ச் ஆகியோர் 2003இல் இந்தோ-ஐரோப்பிய மொழி வரலாற்றை மீட்டெடுக்க விடைத்தொகுதி நிரலாக்கத்தைப் பயன்படுத்தினர். தேடும் வழியை ஆய்வாளர் எழுதுவதில்லை. ஏற்புடைய மரம் எது என்பதையே விதிகளாக எழுதுகிறார். ஒரு பண்பின் ஒரே நிலையைப் பகிரும் மொழிகளை இணைக்கும் பாதை வேறு நிலையின் வழியே செல்லலாகாது என்பது அடிப்படை விதி. இதற்குப் பொருந்தாத பண்புகள் மிகக் குறைந்த மரங்களைக் கணினி தேர்கிறது. பின்னர் உயிரியலாளர் டேனியல் புரூக்ஸ் பங்கேற்ற ஆய்வுகளில் இம்முறை உயிரினங்களுக்கும் விரிந்தது.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. திருவில்லிபுத்தூரில் நரை அணிலுக்கெனச் சரணாலயம் 1988இல் அமைந்தது. ஒரே காட்டில் வாழ்வதால் மட்டும் ஓர் உயிரினத்தின் பண்பு மற்றொன்றின் மரபில் ஏறிவிடுவதில்லை. மொழியிலோ அயலாரின் சொல் ஒரே தலைமுறையில் உள்ளே வந்துவிடும். எனவே உயிரின மரத்தை மொழிக்கு அப்படியே பொருத்துதல் குறைபாடுடையது. எர்டெம், லிஃப்ஷிட்ஸ், ரிஞ்ச் ஆகியோர் 2006இல் காலவரம்புக்குட்பட்ட பக்க இணைப்புகளை மரத்தில் சேர்த்து இக்குறையை நேரே எதிர்கொண்டனர்.

திராவிட மொழிகளில்

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்டோர் 1983இல் கோண்டி, கோண்டா, கூய், கூவி, பெங்கோ, மண்டா ஆகியவற்றின் உட்கிளைப்பாட்டை, மாற்றமடையாத இனச்சொற்களின் எண்ணிக்கை கொண்டு ஆய்ந்தனர். ஆறு மொழிகளுக்கே 945 இருகிளை மரங்கள் இயலும் என்பதால் அங்கும் கணக்கீடு இன்றியமையாததாயிற்று. 2018இல் விஷ்ணுப்ரியா கோலிபாக்கம் குழுவினர் 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைப் பேயீசிய முறையில் ஆய்ந்து, குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என மதிப்பிட்டனர். காலக் கணிப்பு இம்முறையின் வலிமை. ஆயின் ஒரு கிளையை எச்சொல் தாங்குகிறது, எச்சொல் மறுக்கிறது என்பதை நிகழ்தகவு எண் நேரே காட்டுவதில்லை. தருக்க நிரல் பொருந்தாத பண்புகளைப் பெயர்சுட்டிப் பட்டியலிடும். மொழியியலாளர் அவற்றை ஒவ்வொன்றாக வினவலாம்.

எனினும் பொருந்தாமைக்குக் காரணம் கடனா, தனித்தனியே நேர்ந்த ஒத்த வளர்ச்சியா என்பதை நிரல் தானே அறியாது. தமிழ் ‘உள்’ தெலுங்கில் ‘லோ’ என்றும், ‘மரம்’ பழந்தெலுங்கில் ‘ம்ரானு’ என்றும் வருவது தென்நடுத் திராவிடத்திற்குரிய ஒலியிடமாற்றம். இராசபாளையத் தெலுங்கில் எத்தனை தமிழ்ச் சொற்கள் புகுந்தாலும் இத்தகைய புத்தாக்கங்களே அதன் பிறப்பைக் காட்டும். சொற்களை மட்டும் எண்ணினால் அது தமிழின் பக்கம் சாய்ந்து தோன்றக்கூடும்.

முடிவுரை

ஒலிப் புத்தாக்கங்களைக் கட்டாய விதிகளாகவும், சொற்பண்புகளைத் தளர்த்தத்தக்க விதிகளாகவும், தொடர்பு வரலாற்றைப் பக்க இணைப்பு வரம்புகளாகவும் எழுதுவதே திராவிட ஆய்வுக்கு ஏற்றது. எதை விதியாக்குவது என்னும் முடிவு ஆய்வாளருடையது. அம்முடிவை மறைக்க இடமின்றி வெளிப்படையாக எழுதச் செய்வதே தருக்க நிரலாக்கத்தின் முதற்பயன்.