ஹாரூனின் சகோதரி

குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் ஈஸாவின் தாய் மர்யம் ‘ஹாரூனின் சகோதரி’. 66ஆம் அத்தியாயத்தில் ‘இம்ரானின் மகள்’. இரண்டும், மர்யமுக்குப் பல நூற்றாண்டு முந்திய மூஸாவின் குடும்பத்துப் பெயர்கள்: ஹாரூன் சகோதரர், இம்ரான் தகப்பன். இதற்கு இன்றைய ஆய்வாளர் பலரிடம் ஒரே மருந்துதான்: முன்னடையாளம். மூஸாவின் சகோதரியான பழைய மிரியாமின் சாயலைக் குர்ஆன் வேண்டுமென்றே மர்யம்மீது படரவிடுகிறதாம். வம்சக் கணக்குப் பார்ப்பதே பிசகாம். 2010இல் நாய்விர்த், சினாய், மார்க்ஸ் பதிப்பித்த குர்ஆன் ஆய்வுப் பெருந்தொகுப்புக்குப் பிறகு இந்தப் போக்கு இன்னும் வலுத்துவிட்டது.

‘ஆள் குழம்பிவிட்டது’ என்று கைகொட்டிய பழைய ஐரோப்பிய ஏளனத்தை இது ஓய்த்தது. நல்ல காரியம். அதோடு சரி.

‘ஹாரூனின் சகோதரியே’ என்ற விளி வரும் இடத்தைப் பாருங்கள். கைக்குழந்தையோடு வந்து நிற்கிறவளைச் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு வைகிறார்கள். தகப்பன் கெட்டவனில்லையே, தாய் நடத்தை பிசகியவளில்லையே என்று பிறந்த வீட்டு மானத்தை இழுக்கிறார்கள். அதே மூச்சில் வருகிற ஹாரூனும் அந்த வீட்டைச் சுட்டினால்தான் வசவு உறைக்கும். ஆத்திரத்தில் கத்துகிற உறவுக்காரர்கள் இறையியல் குறியீட்டிலா பேசுவார்கள்?

முதலில் கேட்டவர்களுக்கும் இந்தக் குறியீடு எட்டவில்லை. நஜ்ரான் கிறித்தவர்கள் நபித்தோழர் முகீராவை மடக்கியது காலக்கணக்கைக் காட்டித்தான். முன்னோரான நபிமார், நல்லோர் பெயர்களை மர்யமின் காலத்து மக்கள் தம் பிள்ளைகளுக்கு இட்டுவந்தார்கள் என்பதே நபிகளின் விடை என்கிறது முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பு. அதில் அடையாளமுமில்லை, நிழலுமில்லை. பெயரிடும் வழக்கம், அவ்வளவே. வசனத்தில் வருபவர் மூஸாவின் சகோதரர் ஹாரூன் அல்ல என்று யூதராயிருந்து இஸ்லாத்துக்கு வந்த கஅப் சொன்னபோது நபிகளின் மனைவி ஆயிஷா மறுத்ததையும், நடுவே 600 ஆண்டு இடைவெளி என்று கஅப் பதில் சொன்னதையும் குர்ஆன் விரிவுரையாளர் தபரீ எழுதிவைத்திருக்கிறார். (600 போதாது; அது வேறு வழக்கு.) மர்யம் மூஸாவின் உடன்பிறந்தவளேதான் என்ற முற்கால அறிஞர் அல்-குரழீயின் கூற்றை 14ஆம் நூற்றாண்டில் விரிவுரையாளர் இப்னு கஸீர் வன்மையாகத் தள்ளினார். இவர்கள் எல்லோரும் ரத்த உறவையும் பெயரையும் காலத்தையும் வைத்தே வாதாடியவர்கள். புதிய வாசிப்போ இவர்களை அடிக்குறிப்புக்குத் துரத்துகிறது. பொருந்தினால் அடையாளம், பொருந்தாவிட்டால் இன்னும் ஆழமான அடையாளம் என்கிற முறையைத் தோற்கடிக்க யாரால் முடியும்?

இதில் வேடிக்கை, முன்னடையாளக்காரர்களும் துணைக்கு அழைப்பது லூக்கா முதல் அதிகாரத்தை. மரியாளின் உறவினளான எலிசபெத்து ஆரோனின், அதாவது ஹாரூனின், குமாரத்திகளில் ஒருத்தி என்கிறது அது. அப்பட்டமான வம்சச் சான்று! ஹாரூனின் வழித்தோன்றல் என்பதால் அப்படி அழைத்தார்கள் என்ற கருத்தைத் தபரீ, 923இல் இறப்பதற்கு முன்பே, மற்றக் கருத்துகளோடு சேர்த்துப் பதிந்துவிட்டார்.