யவனர் விளக்கும் வாடைக் காற்றும்

மயூர் விகாரில் நண்பர் வீட்டுக் கூடத்தில் அண்மையில் ஒரு தொங்குவிளக்கைக் கண்டேன். பித்தளைத் தண்டு, பால்நிறக் கண்ணாடிக் குமிழ்கள். "இத்தாலி சாமான் சார், 1950கள்ல செஞ்சது. மிலான்ல இருக்கற பையன் அனுப்பினான்" என்றார். "யவனர் விளக்கு நம்ம ஊருக்கு வந்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சே!" என்றேன் நான்.

வேடிக்கைப் பேச்சன்று. யவனர் என்று சங்க நூல்கள் சுட்டுவது கிரேக்க, உரோமானியரை. 1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் இத்தாலியில் வனைந்த பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. நக்கீரரின் நெடுநல்வாடையிலோ, அரண்மனையில் யவனர் செய்த பாவை கையில் அகல் ஏந்தி நிற்கிறது.

நம் மேடைகளில் இதைக் கடல் வணிகத்துக்குச் சான்றாகக் காட்டிப் பெருமைப்படுவோம், அத்துடன் நிறுத்திக்கொள்வோம். அது போதுமா? 188 அடிகள் கொண்ட அப்பாட்டில் விளக்கு மூன்று இடங்களில் வருகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புலவர் உள்ளம் புலப்படும்.

முதலாவது, ஊர்ப் பெண்களின் இரும்பு விளக்கு. மழை மூட்டத்தில் பொழுது தெரியாமல், பிச்சி அரும்பு மலர்வதைக் கொண்டு மாலை என்றறிந்து, திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகிறார்கள். இரண்டாவது, யவனப் பாவையின் விளக்கு. நெய் குறையக் குறைய வார்க்கிறார்கள். சுடர் நிமிர்ந்து எரிகிறது. ஆனால் அரசி கட்டிலில் துவண்டு கிடக்கிறாள். மூன்றாவது, பாசறையின் பாண்டில் விளக்குகள். வாடை வீசும்போதெல்லாம் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. அரசனோ நள்ளிரவிலும் உறங்காமல், புண்பட்ட வீரரைப் பார்த்துவர நடக்கிறான்.

சுடர் நிமிர்ந்த இடத்தில் மனம் சாய்ந்திருக்கிறது. சுடர் சாய்ந்த இடத்தில் மனம் நிமிர்ந்திருக்கிறது. வாடை அவளுக்கு நெடியது, அவனுக்கு நல்லது என்று உரைகாரர் தலைப்புக்குக் கூறும் விளக்கத்தை இச்சுடர்களே காட்டிவிடுகின்றன. ஆகவே யவனர் விளக்கு செல்வத்தைப் பட்டியலிட வந்ததன்று. செல்வத்தால் ஆகாததைச் சொல்ல வந்தது.

வாடை எதுவென்று தில்லித் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை; ஜனவரி இரவுகளே சொல்லும். பிரிவும் நமக்குப் பழகியதே. இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். சற்று நேரம் அண்ணாந்து விளக்கையே பார்த்திருந்துவிட்டு, "விளக்கு வந்துடுத்து சார். அவன் வந்து மூணு வருஷம் ஆறது" என்றார்.

நக்கீரர் பாட்டிலும் வேண்டுதல் அதுதான்: போர் விரைவில் முடிந்து அவள் துயர் தீரட்டும்.