மூங்கில் பிடிக்கும் கை

டினிக்லிங், பிலிப்பைன்ஸின் விசயாஸ் பகுதியில் லெய்டே தீவுக்குரிய ஆட்டம். சுமார் ஒன்பது அடி நீள மூங்கில்கள் இரண்டைக் கட்டைகளின் மேல் கிடத்தி, முனைக்கு ஒருவராக இருவர் அமர்ந்து தட்ட, நடுவே ஓர் ஆணும் பெண்ணும் வெறுங்காலுடன் ஆடுவார்கள். கானாங்கோழி இனத்தைச் சேர்ந்த டிக்லிங் பறவைதான் பெயருக்கு மூலம். வயலில் புல்தண்டுகளுக்கும் மூங்கில் பொறிகளுக்கும் இடையே அது நீண்ட காலெடுத்து நடக்கும் நடைதான் ஆட்டத்தின் நடை.

இதைக் காலைக் காப்பாற்றிக்கொள்ளும் வித்தையாகப் பார்ப்பதே பரவலான பிழை. பார்ப்பவர் கண் கணுக்காலை விட்டு நகர்வதில்லை. வேகம் கூடினால் கைதட்டல் கூடுகிறது. ஆனால் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

தாளம் மூன்று எண்ணிக்கை. ஒன்றில் மூங்கில்கள் ஒன்றோடொன்று மோதும். இரண்டிலும் மூன்றிலும் விலகிக் கட்டையில் தட்டும். ஆடுபவரின் கால் ஒன்றில் வெளியே, அடுத்த இரண்டில் உள்ளே. 1920-களிலிருந்து நாட்டு ஆட்டங்களைத் தேடித் தொகுத்தவர் பிரான்சிஸ்கா ரேயெஸ் அகினோ. 1973-இல் தேசியக் கலைஞராக அறிவிக்கப்பட்டார். அவர் பதிவில் இருப்பதும் இந்த மூன்றுதான்.

கைதேர்ந்த மூங்கில்காரர் ஒருவரை மட்டும் கவனித்தால் ஆட்டம் விளங்கிவிடும். விரல்கள் மூங்கிலின் பக்கவாட்டில் இருக்கும். அடியில் போனால் கட்டையில் நசுங்கும். எதிர்முனைக்காரர் அரைக்கணம் பிந்தினாலும் இடைவெளி ஒருபக்கம் ஒடுங்கிவிடும் என்பதால், அவர் காது எப்போதும் அந்த முனையில் இருக்கும். ஆட்டத்தின் பிற்பகுதியில் தாளம் முடுக வேண்டும். எப்போது முடுக்குவது என்பதுதான் அவருடைய பெரிய முடிவு. அனுபவமில்லாதவர் அவசரத்தில் மூன்றாம் தட்டை விழுங்கிவிடுவார். உள்ளே வைத்த இரண்டாம் அடி ஊன்றுவதற்குள் மூங்கில் மூடிக்கொள்ளும். அப்போது தடுமாறுவது ஆடுபவர், பழியும் அவருக்கே. நல்ல கை அப்படிச் செய்யாது. அந்த இரண்டாம் அடி தரையில் நிலைகொண்டதைப் பார்த்த பிறகே, மூன்று தட்டையும் ஒரே அளவாகக் குறைக்கும்.

அமெரிக்கப் பள்ளிகளின் உடற்பயிற்சி வகுப்புகளில் இது நான்கு எண்ணிக்கையாக மாறியது: உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. கற்பதற்கு எளிது, இழப்போ பெரிது. மூன்றில் ஆடினால் ஒரு சுற்றை வலக்கால் தொடங்கும், அடுத்ததை இடக்கால். பறவையின் நடை அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. நான்கில் எப்போதும் ஒரே கால் முந்தும். நடை போய் உடற்பயிற்சி மிஞ்சும்.

இனி வரும் ஆண்டுகளில் வெளிநாட்டு மேடைகளில் நான்கு எண்ணிக்கையே மேலோங்கும். மூங்கில்களின் எண்ணிக்கையும் பெருகும், தவறும் கால்களும் பெருகும். முதலில் மூங்கில்காரர்களைத் தேர்ந்து, அவர்கள் கைக்கு ஏற்ப ஆடுபவரைச் சேர்க்கும் குழுதான் கடைசி முடுக்கத்தில் தனித்து நிற்கும். இதே ஆபத்து அடுத்து சிங்கிலுக்கு வரும். மிண்டானாவோவில் லானாவோ ஏரிக்கரை மரனாவோ மக்களின் அந்த ஆட்டத்தில், குறுக்கும் நெடுக்குமாக மோதும் மூங்கில்களைக் குனிந்து பாராமல் விசிறிகளோடு இளவரசி நடக்க வேண்டும். மேடைகள் அங்கும் வேகம் கேட்கும். கேட்டபடி மூங்கில்காரர் முடுக்கினால், இளவரசியின் பார்வைதான் முதலில் தரைக்கு இறங்கும்.