தெளிந்த கையில் தளர்ச்சி இல்லை

கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகனின் ஆல்பங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால், ப்ளூஸ் ராக் ரசிகர்கள் பலர் யோசிக்காமல் 1983இல் வந்த ‘டெக்சாஸ் ஃப்ளட்’ என்பார்கள். 1989 ஜூனில் வெளியான ‘இன் ஸ்டெப்’ பற்றிப் பேச்சு வந்தால் குரலில் ஒரு தயக்கம் சேர்ந்துகொள்ளும். நல்ல ஆல்பம்தான், ஆனால் பழைய வெறி இல்லை, மெருகு ஏறிய இடத்தில் முரட்டுத்தனம் போய்விட்டது என்பார்கள். இந்தக் குறையின் அடியில் இன்னொரு எண்ணமும் கிடக்கிறது. 1986இல் உடல் நொறுங்கி விழுந்து, சிகிச்சை பெற்று, மதுவையும் கொக்கைனையும் விட்டொழித்த பிறகு வாகன் செய்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் இது. போதை போனதோடு நெருப்பும் அணைந்தது என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வாசிப்பைக் காதால் அளந்து பார்த்தால் அந்தக் கணக்கு தவறு. வாகனின் திறமை முழுதாக வெளிப்பட்டது ‘இன் ஸ்டெப்’பில்தான்.

‘டெக்சாஸ் ஃப்ளட்’டின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. 1982 நவம்பரில், பாடகர் ஜாக்சன் பிரவுன் பணம் வாங்காமல் திறந்துவிட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோவில் மூன்றே நாள் கிடைத்தது. டாமி ஷானன் பேஸ், கிறிஸ் லேட்டன் டிரம்ஸ், வாகன் கிட்டார் என மூவர் மட்டுமே. மற்றவர்கள் மெல்லிய தந்தி தேடும்போது அவர் 0.013 அங்குலத் தந்தி கட்டி, சுருதியை அரைப் படி இறக்கி வைத்து வாசித்தார். லாரி டேவிஸ் 1958இல் பதிவு செய்த தலைப்புப் பாடலை அவர் எடுத்தாண்ட விதம் இன்றும் மலைக்க வைக்கிறது. ஆனால் அந்த ஆல்பத்தின் பலம் மேடையின் பலம். ஆஸ்டின் கிளப்புகளில் இரவு இரவாக வாசித்துக் கைக்குப் பழகிப்போனதை அப்படியே டேப்பில் இறக்கிவைத்தார்கள். கேட்பவரை முதல் நொடியிலேயே வீழ்த்த வேண்டும் என்ற அவசரம் அதில் நெடுக இருக்கிறது. ஓர் இளைஞனுக்கு அது அழகு. அதையே உச்சம் என்று சொல்வதுதான் பொருந்தவில்லை.

ஒப்பிடுவதென்றால் ஒரே இனத்தை ஒப்பிட வேண்டும். அதற்கு இரண்டு ஆல்பங்களும் வசதியாக அமைந்திருக்கின்றன. ‘டெக்சாஸ் ஃப்ளட்’ முடிவது ‘லென்னி’யில், ‘இன் ஸ்டெப்’ முடிவது ‘ரிவியரா பாரடைஸி’ல். இரண்டும் பாட்டில்லாத, நிதானமான, ஜாஸ் சாயல் கொண்ட வாசிப்புகள். ‘லென்னி’யில் கிட்டார் தனக்குள் பேசிக்கொள்கிறது, பேஸும் டிரம்ஸும் பின்னால் மெல்லத் தாங்கிப் பிடிக்கின்றன. இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் ஒரே மனநிலையில் ஐந்து நிமிடம் நகர்கிறது. ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடும் ‘ரிவியரா பாரடைஸ்’ வேறு வகை. ஒரே டேக்கில் பதிவான வாசிப்பு அது. வாகன் ஒரு வரி சொல்லி நிறுத்துகிறார். 1985இல் குழுவில் சேர்ந்த ரீஸ் வைனன்ஸின் கீபோர்டு அதை வாங்கி வேறு பக்கம் திருப்புகிறது. கிட்டார் திரும்பி வரும்போது சொல்வதற்குப் புதிதாக ஒன்று வைத்திருக்கிறது. இரண்டு சொற்றொடர்களுக்கு இடையே அவர் விடும் இடைவெளிகள் 1983இல் இல்லாதவை. அந்தத் தடித்த தந்திகளை அறைந்து வாசிப்பவர், தொட்டும் தொடாமலும் வாசித்து ஒன்பது நிமிடம் கவனத்தைப் பிடித்து வைக்கிறார். வேகமாக வாசிப்பதைவிட இது கடினம்.

பாடல்களையும் எண்ணிப் பார்க்கலாம். இரண்டு ஆல்பங்களிலும் பத்துப் பத்துத் தடங்கள். இரண்டிலும் வாகனின் சொந்த ஆக்கங்களும், கூட்டாக எழுதியவையுமாக ஆறு. எண்ணிக்கை மாறவில்லை, சொல்ல வந்த பொருள்தான் மாறியது. ‘டெக்சாஸ் ஃப்ளட்’டில் வரும் ‘ப்ரைட் அண்ட் ஜாய்’ காதலின் துள்ளல். ‘இன் ஸ்டெப்’பில் டாயல் பிராம்ஹாலுடன் சேர்ந்து எழுதிய ‘டைட்ரோப்’, ‘வால் ஆஃப் டினையல்’ இரண்டும் தன்னையே ஏமாற்றிக்கொண்டு வாழ்ந்த மனிதன் மீண்டு வருவதைப் பேசுகின்றன. சொல்ல ஒன்று கிடைத்ததும் குரலும் தேறியது. முன்பு கிட்டாருக்கு இடைவேளையாக இருந்த பாட்டு, இங்கே கிட்டாருக்கு நிகராக நிற்கிறது. ‘க்ராஸ்ஃபயர்’ வாகன் எழுதியதல்ல. சக கலைஞர்கள் முன்னின்று ஆக்கியது. அதில் பேஸ்தான் வழிநடத்துகிறது, கிட்டார் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. காத்திருந்ததால்தான் அந்தத் தனிவாசிப்பு அவ்வளவு அடர்த்தியாக விழுகிறது.

மறுப்புகளுக்கு வருவோம். ஒலி மெருகேறியது என்பது உண்மை. தயாரிப்பாளர் ஜிம் கெயின்ஸின் பதிவில் ஸ்டுடியோ வேலைப்பாடு தெரிகிறது. ‘தி ஹவுஸ் இஸ் ராக்கின்’’ போன்ற தடங்கள் லேசானவை என்பதையும் ஏற்கலாம். ஆனால் பதிவின் பளபளப்பும் வாசிப்பின் ஆழமும் இரண்டு தனி விஷயங்கள்; முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்க முடியாது. போதைதான் நெருப்பு என்பவர்கள், போதை முற்றிய காலத்தில் வந்த ‘லைவ் அலைவ்’வைக் கேட்கட்டும். 1986இன் அந்த மேடைப் பதிவைப் பின்னர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பல இடங்களில் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. 1983இன் நெருப்பைக் கொடுத்தது சிறுவயது முதல் செய்த பயிற்சி. போதை அதைத் தின்று தீர்க்கத்தான் பார்த்தது. 1990 ஆகஸ்டில் விஸ்கான்சினில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் 35 வயதில் அவர் இறந்ததால் அனுதாபம் இந்த ஆல்பத்தை உயர்த்திவிட்டது என்பது கடைசி வாதம். ‘க்ராஸ்ஃபயர்’ அமெரிக்க ராக் வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும், ஆல்பம் கிராமி வாங்கியதும் அவர் உயிரோடு இருந்தபோதே நடந்தவை.

கலைஞன் அழிந்தால்தான் கலை சுடரும் என்ற நம்பிக்கை ரசிகர்களிடம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. அது பொய் மட்டுமல்ல, கொடுமையும்கூட. ஒருவர் பிழைத்து எழுந்து வந்ததையே குறையாக எண்ண வைக்கிறது. ‘டெக்சாஸ் ஃப்ளட்’டில் வாகன் தன்னால் என்னென்ன முடியும் என்று காட்டினார். ‘இன் ஸ்டெப்’பில் அவற்றில் எது தேவை என்று தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வு தெளிவான தலையும் திடமான கையும் உள்ளவருக்கே கைகூடும். அவருடைய சிறந்த ஆல்பம் எது என்ற கேள்விக்கு என் விடை அதனால்தான் 1989.