கூந்தன்குளத்து வாத்துகள்

கூந்தன்குளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வரித்தலை வாத்தைத்தான் தேடுவார்கள். நியாயம்தான். இமயத்தைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமை வரை வரும் பறவை; வெள்ளைத் தலையில் கறுப்பாக இரண்டு வரிகள். ஆனால் வந்து சேர்ந்தபின் அது கரையோரம் படுத்துக் கிடக்கும், இல்லையென்றால் புல் மேயும்.

எனக்குத் தட்டைவாயன் கூட்டத்தைப் பார்ப்பதில்தான் விருப்பம். அகப்பை போல் அகன்ற அலகைத் தண்ணீரில் பதித்து, ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு நீந்தும். அந்தச் சுழற்சியில் அடியிலுள்ள சிற்றுயிர்கள் மேலே வரும். அலகின் ஓரத்து மெல்லிய தகடுகள் நீரை வடித்துவிட்டு இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். பக்கத்திலேயே ஊசிவால் வாத்து கவிழ்ந்து, வாலை மட்டும் வானுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஐப்பசியில் போனால் சிலருக்கு ஏமாற்றம். அப்போது ஆண்களும் பெட்டைகளைப் போல மங்கிய பழுப்பில்தான் இருக்கும். எது ஊசிவால், எது நீலச்சிறகி என்று பைனாகுலரோடு மல்லுக்கட்ட வேண்டும். (அந்த மல்லுக்கட்டும் ஒரு சுகம்.) மாசிக்குள் ஆண்கள் உடை மாற்றியிருக்கும்: தட்டைவாயனுக்குப் பளபளக்கும் பச்சைத் தலை, நீலச்சிறகிக்குக் கண்ணின்மேல் நீண்ட வெள்ளைப் புருவம்.

1994இல் சரணாலயமானது இந்தக் குளம். ஊர்க்காரர்களின் காவல் அதற்கும் மூத்தது. பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்.

வெயில் ஏறினால் வாத்துகள் தூங்கிவிடும். விடியற்காலையிலேயே போய், வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள்.